மேப்பர் காலியாக வந்தால்

பெங்களூருவில் எங்கள் டீம், ஜாவா கிளாஸ்களுக்கு செட்டர் (புலத்தில் மதிப்பை வைக்கும் மெத்தட்) போன்றவற்றைத் தானாக எழுதும் லாம்போக்கின் பதிப்பை 1.18.16-க்கு ஏற்றியது. உடனே, ஒரு ஆப்ஜெக்ட்டின் புலங்களை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் மேப்ஸ்ட்ரக்ட் மேப்பர் எல்லாப் புலங்களையும் காலியாகவே (null) தந்தது. பில்டில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பில்ட் கருவியான மேவனில் கிளீன், ஐடிஇ கேஷ் அழிப்பு எதுவும் உதவவில்லை.

அப்புறம் டார்கெட் ஃபோல்டரில் உருவான ஜாவா கோப்பைத் திறந்தேன். புது ஆப்ஜெக்ட், உடனே ரிட்டர்ன். நடுவில் ஒரு செட்டரும் இல்லை. லாம்போக் எழுதி முடிக்கும் முன்பே மேப்ஸ்ட்ரக்ட் கிளாஸைப் படித்துவிடுகிறது. செட்டரே தெரியாதபோது எதை விட்டோம் என்று எப்படி எச்சரிக்கும்?

லாம்போக் 1.18.16-லிருந்து இரண்டையும் இணைக்கும் லாம்போக்-மேப்ஸ்ட்ரக்ட்-பைண்டிங் தேவை. டிபென்டன்சியில் சேர்த்தும் பலனில்லை. மேவனின் பாம் (pom.xml) கோப்பில் அனோடேஷன் பிராசஸர் பாத்ஸ் (லாம்போக், மேப்ஸ்ட்ரக்ட் போல கம்பைலின்போது கோட் எழுதும் கருவிகளின் பட்டியல்) இருந்தால் கம்பைலர் அங்கே மட்டும்தான் தேடும். பலர் தவறவிடும் இடம் இதுதான். பைண்டிங் 0.2.0-ஐ அதற்குள் போட்டதும் புலங்கள் நிரம்பின. அப்பாடா!