ஸ்டாக்ஹோமில் முதல் நாள்: எங்கே தொடங்கலாம், எதை விடலாம்

ஸ்டாக்ஹோம் 14 தீவுகளில் பரந்து கிடக்கிறது. அத்தனையையும் ஒரே நாளில் சுற்ற நினைத்தால் கால் வலிதான் மிச்சம். காலையில் யூர்கோர்டன் தீவு, பிற்பகலில் பழைய நகரமான காம்லா ஸ்தான். முதல் நாளுக்கு இது தாராளம்.

படி 1: டிக்கெட்

ரொக்கத்தை நம்ப வேண்டாம். பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். சுரங்க ரயில் வாசலில் வங்கி அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். ஒருமுறை எடுத்த டிக்கெட் 75 நிமிடம் செல்லும். ரயில், பஸ், டிராம், யூர்கோர்டன் படகு எல்லாவற்றுக்கும் அதுவே.

படி 2: வாசா

7ஆம் எண் டிராம் பிடித்து, வாசா அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் ரசிக்க முடியாது. 1628இல் முதல் பயணத்திலேயே, கரையைவிட்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் கவிழ்ந்த வாசா என்ற போர்க்கப்பல்தான் உள்ளே நிற்கிறது. மேற்பகுதி கனம், காற்று சாய்த்ததும் திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்துவிட்டது. 1961இல் தூக்கி எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழாது. அதனால்தான் கப்பல் முழுதாக நிற்கிறது. கீழ்த்தளத்தோடு திரும்பிவிடாதீர்கள். மாடிக்கு மாடி ஏறினால், பீரங்கித் துளை மூடிகளில் செதுக்கிய சிங்க முகங்களையும் பின்புறச் சிற்பங்களையும் நேருக்கு நேர் பார்க்கலாம்.

படி 3: சாப்பாடு

வார நாளென்றால் 'டாகென்ஸ் ரெட்' கேளுங்கள். அன்றைய மதியச் சாப்பாடு. ரொட்டியும் சாலடும் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். குழாய்த் தண்ணீரைக் கவலையின்றிக் குடிக்கலாம். புட்டி வாங்குவது வீண் செலவு.

படி 4: படகு

அல்மென்னா கிரெண்ட் துறையிலிருந்து ஸ்லுசெனுக்குப் படகு ஏறுங்கள். பத்து நிமிடப் பயணம்தான், ஆனால் நகரத்தின் முகப்பு முழுவதும் தெரியும். சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் காசு கொடுப்பானேன்?

படி 5: காம்லா ஸ்தான்

இறங்கியதும் பழைய நகரம்தான். மோர்டென் ட்ரோட்சிக் சந்தின் குறுகலான இடம் 90 சென்டிமீட்டர். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மேலே ஸ்தூர்தோர்யெட் சதுக்கம், 1520இல் டென்மார்க் மன்னரின் ஆணைப்படி பிரபுக்கள் பலர் தலை வெட்டப்பட்ட இடம். இன்று அங்கே காப்பிக் கடைகள். வெஸ்தெர்லோங்காத்தான் தெருவின் நினைவுப் பொருள் கடைகளைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

டிசம்பரில் போகிறவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்தில் தெருக்கள், இருட்டியபின் வாசா.