ஜல்லித் தூண் இறக்கும்போது நான் கவனிப்பவை

எண்ணூர்க் கழிமுகம் பக்கம் களிமண்ணைக் கையில் பிடித்தால் விரலிடுக்கில் பிதுங்கும். அங்கே எண்ணெய்த் தொட்டிக்கு அஸ்திவாரம் என்றால் ஜல்லித் தூண்தான், அதாவது மண்ணில் துளை போட்டு ஜல்லியை இறுக்கி நிரப்பும் தூண்தான், என் முதல் யோசனை.

மண்ணின் வெட்டு வலிமை (சறுக்காமல் தாங்கும் திறன்) 7 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் வேண்டாம். ஜல்லியைச் சுற்றிப் பிடிக்கத் தெம்பிருக்காது, தூண் உப்பிவிடும். சரி, மண் தேறியதா? தூணின் விட்டத்தைப் போல 2 முதல் 3 மடங்கு இடைவெளியில் முக்கோணமாகக் குறியுங்கள். அதிர்வுக் கருவியைக் கெட்டி மண் வரை இறக்கி, ஜல்லி கொட்டி, கொஞ்சம் தூக்கி, மறுபடி அழுத்த வேண்டும். ஆபரேட்டர் அவசரப்படுவார், நான் கருவி இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் அம்மீட்டரைத்தான் பார்ப்பேன். முள் ஏறினால்தான் அந்த அடுக்கு இறுகியது. சேறு ஒட்டிய ஜல்லி வந்தால் லாரியைத் திருப்பிவிடுங்கள், தூண் வழியே தண்ணீர் வடியாது. அப்புறம் மேலே அரை மீட்டர் மணல் பரப்பி, ரோலர் ஓட்டி, பளுச் சோதனை. அது முடியாமல் கான்கிரீட்டுக்குச் சொல்லாதீர்கள்.