உடலைப் பற்றிய தாழ்வுணர்வு: பதின்வயதினருக்கான அமர்வுகளை நடத்தும் முறை

பொது முயற்சிகளால் பதின்வயதினரின் உடலைப் பற்றிய தாழ்வுணர்வு குறையுமா என்றால், குறையும். ஆனால் எச்சரிக்கை வாசகத்தால் அல்ல. விளம்பர மாடலின் உடலமைப்பைத் திருத்தியிருந்தால் 'திருத்தப்பட்ட படம்' என்று போட வேண்டும் என பிரான்ஸ் 2017 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியது. இத்தகைய வாசகங்களைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பலன் எதையும் காணவில்லை. படம் பொய் என்று தெரிந்தாலும் பார்ப்பவர் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்.

பலன் தந்த வழி வேறு: விளம்பரங்கள் காட்டும் அழகு இலக்கணத்துக்கு எதிராகப் பிள்ளைகளையே பேச வைப்பது. அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் குழுவினரின் 'பாடி ப்ராஜெக்ட்' என்ற பயிற்சித் திட்டம் இப்படித்தான் நடக்கிறது. தன் வாயால் மறுத்த ஒன்றை மனம் முன்போலப் பிடித்துக்கொள்வதில்லை.

6 முதல் 10 பேர் போதும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், 4 வாரம். விரும்பி வருபவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டாயத்தில் பேசியதை 'அவங்க சொல்லச் சொன்னாங்க' என்று மனம் தள்ளிவிடும்.

முதல் வாரம், 'எப்படி இருந்தால் அழகு என்கிறார்கள்?' என்று கேட்டு அவர்கள் சொல்வதையெல்லாம் பலகையில் எழுதுங்கள். ஒல்லியாகவும் வேண்டும், தசையும் வேண்டும் என்ற முரண் தானே தெரியும். இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று அவர்களே சொல்லட்டும்.

இரண்டாம் வாரம் நீங்கள் நடியுங்கள்: "இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சாதான் போட்டோவுல நிப்பேன்." உங்களை மாற்றுவது அவர்கள் வேலை. அமர்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: அமைதி நிலவியதும் நடத்துபவர் பொறுக்காமல் அறிவுரையில் இறங்கிவிடுகிறார். பத்து விநாடி காத்திருங்கள், யாராவது பேசுவார்கள்.

மூன்றாம் வாரம், அந்த அழகு இலக்கணத்தை மறுத்து, தன்னைவிடச் சிறிய பிள்ளைக்கு ஒரு கடிதம். நான்காவதில் நண்பர்கள் பேச்சு: "குண்டாயிட்டேன்ல?" என்றால் என்ன பதில்? "மெலிஞ்சுட்டே, சூப்பர்" என்ற பாராட்டும் உடலுக்குப் போடும் மதிப்பெண்தான். இதைப் பலர் யோசித்ததே இல்லை.

வகுப்பில் எடை பார்க்காதீர்கள். பட்டினி, வாந்தி முறைகளை எச்சரிக்கையாகக்கூட விவரிக்காதீர்கள். சிலருக்கு அது செய்முறையாகிவிடும். வேளைகளைத் தவிர்ப்பது, வேகமாக மெலிவது, சாப்பிட்டதும் கழிப்பறைக்குப் போவது தெரிந்தால் தனியே பேசி, வீட்டாரோடு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சுயமதிப்பு மாறியதா என்று அளக்க ரோசன்பர்க் சுயமதிப்பு அளவுகோல் என்ற வினாத்தாள் உண்டு: 10 வாக்கியம். அதில் 5 எதிர்மறை; அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிக் கூட்டாவிட்டால் கணக்கே தவறு. உடல் குறித்த திருப்தியை அது அளக்காது, அதற்குத் தனி வினாத்தாள் வேண்டும். தொடங்கும் முன், முடிந்ததும், ஆறு மாதம் கழித்து என மூன்று முறை கொடுங்கள். இன்னும் அமர்வு தொடங்காத குழுவுக்கும் அதே நாட்களில் கொடுத்தால்தான் மாற்றம் அமர்வால் வந்ததா என்று தெரியும்.