கேஸ் லைட்டரும் தூக்குவாளியும் வைத்து ரேடியோ அலைகளை நடத்துவது எப்படி

ரேடியோ அலைப் பாடத்தை மின்காந்த நிறமாலை அட்டவணையோடு ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகள் அதை எழுதிக்கொள்வார்கள், மனப்பாடமும் செய்துவிடுவார்கள், ஆனால் ரேடியோ அலை காதுக்குக் கேட்குமா என்று கேட்டால் நிறைய பேர் கேட்கும் என்றுதான் சொல்வார்கள். முதலில் தீர்க்க வேண்டியது இந்தக் குழப்பத்தைத்தான்.

மீடியம் வேவ் (ஏ.எம். நிலையங்கள் வரும் பகுதி) எடுக்கும் பழைய பேட்டரி ரேடியோ, பொறி விடும் கேஸ் லைட்டர், மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு, அலாரம் கடிகாரம், இவ்வளவு போதும். போனில் உள்ள ரேடியோ ஆகாது, அதில் எஃப்.எம். மட்டும்தான். லேபில் கேஸ் இணைப்பு இருந்தால் வெளியே மரத்தடியில் வைத்துச் செய்யுங்கள்.

ரேடியோவை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் திருப்பி வையுங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும் வரும். பக்கத்தில் லைட்டரை அழுத்தினால் ஒவ்வொரு பொறிக்கும் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று விழும். அது லைட்டரின் சொந்தச் சத்தம்தானே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்க வேண்டும். ரேடியோவை அணைத்துவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை அழுத்திக் காட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்து தூக்கு. அலாரம் அடிக்கிற கடிகாரத்தை உள்ளே வைத்து மூடுங்கள், மங்கலாக இருந்தாலும் காதில் விழும். இப்போது கடிகாரத்தை எடுத்துவிட்டு, ஒரு நிலையம் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவை வைத்து மூடுங்கள். பாட்டு அமுங்கி வெறும் இரைச்சல் மிஞ்சும். வெளியே எடுத்து பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினாலோ நன்றாகவே பாடும். சத்தம் வெளியே வருகிற பாத்திரத்துக்குள் ரேடியோ அலை போக முடியவில்லை என்றால் இரண்டும் ஒன்றில்லை என்பது சொல்லாமலே புரியும். அப்புறம், யாராவது செல்போனை உள்ளே போட்டு ரிங் விடுவார்கள், அது அடித்தாலும் அடிக்கும். செல்போன் அலைகளின் நீளம் சில பத்து சென்டிமீட்டர்தான், மூடியின் இடுக்கு வழியே நுழைந்துவிடும். இதற்குத் தயாராக இருங்கள்.

சரி, வரலாறு. லைட்டர் கையில் இருக்கும்போதே சொல்லுங்கள். இப்படி ஓர் அலை இருக்க வேண்டும் என்று 1865-இல் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1880-களின் பிற்பாதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெர்ட்ஸ் ஒரு பக்கம் பொறி விட்டார், எட்ட வைத்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியில் குட்டிப் பொறி ஒன்று தெறித்தது. 1895-இல் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியே இல்லாமல் தூரத்தில் மணி அடிக்கவும் வெடிமருந்து பற்றவும் வைத்தார். 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் போல்டூவிலிருந்து அட்லாண்டிக் தாண்டி நியூபவுண்ட்லாந்தில் மூன்று புள்ளிகளை, அதாவது புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் தந்திக் குறியீட்டின் ‘எஸ்’ எழுத்தைக் கேட்டதாக மார்கோனி அறிவித்தார்.

போஸா மார்கோனியா என்ற சண்டை வகுப்பில் கட்டாயம் வரும். ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். போஸ் மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளின் இயல்பை ஆராய்ந்தவர், மார்கோனி கடல் தாண்டித் தந்தி அனுப்ப முனைந்தவர். இரண்டு பேரின் வேலையையும் சொல்லிவிட்டால் பிள்ளைகளே நியாயமாகப் பேசுவார்கள்.

ஏன் வெறும் புள்ளியும் கோடும்? பொறியில் பிறக்கும் அலை உடனே அடங்கிவிடும், அதில் குரலை ஏற்ற முடியாது. அதற்கு விடாமல் ஓடும் அலை வேண்டும், வால்வுகள் (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்) வந்த பிறகு அது எளிதானது. நடுவில் டைட்டானிக்கை விட்டுவிடாதீர்கள். 1912-இல் அதன் அபாய அழைப்பைக் கேட்டு கார்பேத்தியா என்ற கப்பல் ஓடி வந்து எழுநூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டது. அதைவிட அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ஒரே வயர்லெஸ் ஆபரேட்டர் அந்த நேரம் தூங்கப் போயிருந்தார். கருவி மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்டுவிட்டு வகுப்பைப் பேச விடுங்கள். பிறகு 1924-இல் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிய கதைக்கும், 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்ததற்கும் போகலாம்.

கணக்கு ஒன்றே ஒன்று. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 101.4 எஃப்.எம்.முக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர், ஏரியல் பெரும்பாலும் அதில் கால் பங்கு நீளம் இருக்கும், அதாவது 74 சென்டிமீட்டர். ரேடியோவின் ஏரியலை முழுக்க இழுத்து ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள், சின்ன செட் தவிர மற்றவற்றில் இதை ஒட்டி வரும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கோ 417 மீட்டர். அவ்வளவு நீளக் கம்பி எங்கே? பின்மூடியைக் கழற்றி, கம்பி சுற்றிய கருப்பு ஃபெரைட் (காந்தத்தன்மை உள்ள பீங்கான் போன்ற பொருள்) தண்டைக் காட்டுங்கள், மீடியம் வேவுக்கு அதுதான் ஏரியல். பேட்டரியில் ஓடும் செட்டை மட்டும் திறங்கள். ரேடியோவைத் திசை மாற்றித் திருப்பினால் சத்தம் ஏறி இறங்குவதையும் கேட்கட்டும்.

வீட்டுப்பாடம்: நண்பகலிலும் இரவு 9 மணிக்கும் மீடியம் வேவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பி, கிடைக்கும் நிலையங்களைக் குறித்து வர வேண்டும். இரவில் பட்டியல் நீளும். காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடாமல், மறுநாள் பட்டியலைப் பலகையில் எழுதிய பிறகு சொல்லுங்கள்: வளிமண்டலத்தின் மேல்பகுதியில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் உள்ள அடுக்குகள்தான் அயனிமண்டலம்; பகலில் இந்த அலைகளை விழுங்கும் அதன் கீழடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும், மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கும்.