ஒரு வானியற்பியலாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தோ முதுகலை ஆய்வுக்கு வழிகாட்டியைத் தேடும் நம் பிள்ளைகள், உயர் ஆற்றல் வானியற்பியலாளர் ஒருவரின் பெயருக்கு நேரே நானூறு கட்டுரைகள் இருப்பதைக் கண்டால் மலைத்துப்போகிறார்கள், அல்லது இத்தனையை ஒருவர் எழுதியிருக்க முடியுமா என்று ஐயப்படுகிறார்கள். அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இரண்டுக்கும் தேவையிருக்காது.

பெயரைக் கொண்டு தேடினால் முதல் தடுக்கல் நம்மவர்களிடமே இருக்கிறது. பிள்ளை, மூட்லி, கோவெண்டர், படையாச்சி என்ற குடும்பப் பெயர்களோடு ஒரே முதலெழுத்தும் சேர்ந்துவிட்டால், பொதுவான தேடுதளங்கள் மருத்துவரையும் வானியலாளரையும் ஒரே ஆளாக்கிவிடும். ஆகவே அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் ஆர்கிட் (ORCID) எனப்படும், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய 16 இலக்க அடையாள எண் இருந்தால், அதைக் கொண்டே தேடுங்கள்.

தேட வேண்டிய இடம், நாசா நிதியில் இயங்கும் ஏடிஎஸ் (ADS) என்ற வானியல் கட்டுரைகளின் இலவச நூற்பட்டியல். அங்கே, துறை அறிஞர்களின் மதிப்பாய்வுக்கு உட்பட்ட கட்டுரைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால், மாநாட்டுச் சுருக்கங்களும், வானில் ஏதோ வெடித்த இரவில் அவசரமாக அனுப்பப்பட்ட சில வரி அறிவிப்புகளும் விலகிவிடும். பிறகு ஆசிரியர் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் எழுதி, பெயருக்கு முன்னால், விசைப்பலகையில் 6-க்கு மேலிருக்கும் கூரைக் குறியை இடுங்கள். அவர் முதலாசிரியராக உள்ளவை மட்டும் வரும். அந்த நானூறும் வெறும் இருபதாகச் சுருங்கினாலும் அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

காரணம் நமக்கு அருகிலேயே, நமீபியாவின் கோமாஸ் மேட்டுநிலத்தில், சுமார் 1800 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்குள்ள ஹெஸ் தொலைநோக்கிகள், விண்ணிலிருந்து வரும் மிகுந்த ஆற்றலுள்ள காமாக் கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது சில நானோநொடிகள் மட்டுமே மின்னும் நீல ஒளியைப் படம்பிடிக்கின்றன; 2012-இல் 28 மீட்டர் அளவுள்ள ஐந்தாவது தொலைநோக்கியும் சேர்ந்தது. கருவியைக் கட்டியவர், நிலவில்லா இரவுகளில் முறைவேலை பார்த்தவர், மென்பொருள் எழுதியவர் என, போட்செஃப்ஸ்ட்ரூமிலுள்ள வடமேற்குப் பல்கலைக்கழகம் உட்படப் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்த ஆய்வுக் கூட்டணியினர் அனைவரின் பெயர்களும் கட்டுரைகளில் ஆங்கில அகரவரிசையில் நிற்கும். தொடக்கக்காலக் கட்டுரைகள் பல ‘அஹரோனியனும் பிறரும்’ என்று மேற்கோள் காட்டப்படுவது அதனால்தான். அஹரோனியன் இத்துறையின் பெரியவர்களில் ஒருவர் என்பது வேறு செய்தி.

பகுப்பாய்வைச் செய்தவர் யார் என்பதை முதல் பக்கத்தின் அடியில் தேடுங்கள். தொடர்பாசிரியர்கள் (கட்டுரை பற்றிக் கேட்க அணுக வேண்டியவர்கள்) என்று அங்கே தனியே குறிக்கப்பட்டிருக்கும் சில பெயர்களே பெரும்பாலும் அந்த வேலையைச் சுமந்தவர்களுடையவை. இன்னொரு தடயம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டு காஸ்மிக் கதிர் மாநாட்டின் தொகுப்பு (1997-இல் அது டர்பனிலேயே கூடியது). கூட்டணியின் சார்பில் பேசியவரின் பெயர் அங்கே முதலில் வரும். பல வேளைகளில் அவர் ஓர் ஆய்வு மாணவராக இருப்பார். நீங்கள் நாடும் வழிகாட்டியின் மாணவர்கள் அங்கே தென்படுவதை, எந்தக் கட்டுரை எண்ணிக்கையையும் விட மேலான சான்றாக நான் கொள்வேன்.

கூட்டணிகள் ஒன்றோடொன்று கைகோக்கும்போது பட்டியல் இன்னும் நீளும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த ஈர்ப்பலை பதிவாகி, சுமார் 1.7 நொடிக்குப் பின் காமாக் கதிர் வெடிப்பும் பதிவானது; அது பற்றிய கூட்டுக் கட்டுரையில் ஏறத்தாழ 3500 ஆசிரியர்கள். நம் நாட்டின் சதர்லாந்திலுள்ள சால்ட் தொலைநோக்கிக்கும் அதில் பங்குண்டு. அத்தகைய கட்டுரை ஒன்றே, பிறர் அதை எடுத்துக்காட்டும் மேற்கோள் எண்ணிக்கையை வெகுவாக உயர்த்திவிடும்; கூட்டணிக் கட்டுரைகள் பல சேரும்போது, 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடும் (குறைந்தது எச் மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் எச் இருந்தால் அந்த எண்) பெயருள்ள எல்லோருக்கும் உயர்ந்துவிடும் என்பதால், அதை இத்துறையில் ஆளுக்கு ஆள் ஒப்பிட நான் பயன்படுத்துவதில்லை.

கடைசியாக, ஆசிரியர் எண்ணிக்கைக்குப் பத்து என்று வரம்பு வைத்து மீண்டும் தேடுங்கள். அவர் தாமாகத் தேர்ந்த கேள்விகளும், திரும்பத் திரும்ப உடன் எழுதும் நான்கைந்து பேரும் இங்கேதான் தெரிவார்கள்; பல்சார் காற்று (சுழலும் நியூட்ரான் விண்மீனிலிருந்து வீசும் துகள்கள்), பிளேசார் (நம்மை நோக்கித் துகள்தாரை வீசும் விண்மீன் மண்டல மையம்), நோவா (விண்மீன் ஒன்றின் திடீர் வெடிப்பு) என்று அவருடைய நாட்டம் எதில் என்பதும் புலப்படும். அவற்றுள் அண்மையில் வந்த ஒன்றை கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்திலிருந்து இறக்கிப் படித்து, அதிலுள்ள ஒரு வரைபடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டு அவருக்கு எழுதுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலை அவர் கேட்கும்போது அனுப்பலாம்.