வீட்டுக் கணினிக்கு வைரஸ் காப்பும் துப்புரவு மென்பொருளும்: தேர்ந்தெடுக்கும் முறை

கடந்த மாரியில் ஒரு நாள், உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் மாமி, மகளின் மடிக்கணினியை மழைக்குத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, இதுக்குள்ள ஆயிரத்துச் சொச்சம் பிழை இருக்காம். காசு கட்டினாத்தான் திருத்துமாம்" என்றார். திரை முழுவதும் சிவப்பு நிறத்தில் ஓர் எச்சரிக்கை. அதன் கீழே கடன் அட்டை எண்ணைக் கேட்கும் பெட்டி. மகள் பாடசாலை வேலையொன்றுக்காகப் பாமினி எழுத்துருவைத் தேடியிருக்கிறாள். தேடிப்போன பக்கத்தில் பெரிய பச்சை நிறத் தரவிறக்கப் பொத்தான் ஒன்று இருந்திருக்கிறது. அதை அழுத்தியதும் எழுத்துரு வரவில்லை, இந்தத் துப்புரவாளர்தான் வந்து குடியேறினார்.

அந்த ஆயிரத்துச் சொச்சத்தை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். பெரும்பாலானவை உலாவி சேமித்து வைக்கும் குக்கீகள். அடுத்தவை தற்காலிகக் கோப்புகள், படங்களின் சிறு உருவங்கள். மிச்சம், எப்போதோ நீக்கிவிட்ட அச்சுப்பொறி மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்சென்ற சில வரிகள். வைரஸ் ஒன்றுகூட இல்லை. அந்தக் கணினியில் நீக்கப்பட வேண்டியிருந்த ஒரே பொருள், பிழை இருக்கிறது என்று சொன்ன அந்த மென்பொருள்தான். ஆகவே இந்த விளக்கத்தில் எதையும் நிறுவுவதற்கு முன், இருப்பதைப் பார்ப்பதும் வேண்டாததை அகற்றுவதும் முதலில் வருகின்றன. நம் வீடுகளில் பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளே இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்; பட்டியல்களின் பெயர்களைத் திரையில் உள்ள உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்ற வரிசையில் சென்றால் உங்களுடையது எந்த விண்டோஸ் என்று தெரியும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. மேலதிகப் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட விண்டோஸ் 10 கணினிகளுக்கு மட்டும் அதன் பிறகும் புதுப்பிப்புகள் கிடைக்கும். "நல்ல வைரஸ் காப்பு போட்டிருக்கிறேனே, இது எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். வைரஸ் காப்பு, உள்ளே வருபவனின் முகத்தைப் பார்த்துத் திருடனா என்று சொல்லும் காவலாளி. இயங்குதளப் புதுப்பிப்பு, சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கும் மேசன். காவலாளியைக் கூட்டினால் ஓட்டை அடைபடாது. எனவே உங்கள் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்குமென்றால் அதற்கு மாறுவதுதான், எந்த மென்பொருளையும் விலைக்கு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாம் படி: உள்ளேயே இருக்கும் காப்பை முழுமையாக இயக்குதல்

விண்டோஸ் 8 காலத்திலிருந்து இயங்குதளத்துடனேயே ஒரு முழு வைரஸ் காப்பு வருகிறது. மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் என்பது அதன் இன்றைய பெயர். தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. ஸ்டார்ட் பட்டியலில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ரியல் டைம் புரொடெக்‌ஷன், கிளவுட் டெலிவர்ட் புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் ஆகிய மூன்றும் இயக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது, தீய மென்பொருள் உள்ளே நுழைந்து காப்பையே அணைத்துவிடாமல் தடுப்பது. திருட்டு விண்டோஸை "அக்டிவேட்" செய்து தருவதாகச் சொல்லும் கோப்புகள், முதலில் இந்தக் காப்பை அணைக்கும்படிதான் கேட்கும். அப்படிக் கேட்கும் எதையும் நான் என் கணினியில் திறப்பதில்லை.

ஆரம்பத்திலேயே அணைந்திருக்கக்கூடிய இன்னொரு அமைப்பு ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில் இருக்கிறது. அங்கே ரெபியூட்டேஷன் பேஸ்ட் புரொடெக்‌ஷன் என்பதற்குள், வேண்டத்தகாத செயலிகளைத் தடுக்கும் 'பொட்டென்ஷியலி அன்வோன்டட் ஆப் பிளொக்கிங்' இருக்கும். மாமி வீட்டுக் கணினியில் இது அணைந்துதான் கிடந்தது. மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டு வரும் போலித் துப்புரவாளர்கள் வரையறைப்படி வைரஸ் அல்லாததால் சாதாரணக் காவலில் தப்பிவிடுவார்கள். அவர்களைப் பிடிப்பது இந்தப் பொறிதான். இதற்குள் இருக்கும் இரண்டு கட்டங்களையும் குறித்துவிடுங்கள்.

பிறகு புதுப்பிப்பைச் சரிபார்த்து, ஃபுல் ஸ்கேன் ஒன்றை ஓட விடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பல மணித்தியாலம் எடுக்கலாம் என்பதால் இரவில் விடுவது நல்லது. சந்தேகம் தீரவில்லையென்றால் ஒஃப்லைன் ஸ்கேன் என்ற தெரிவு உண்டு. கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். அதற்கு ஏறத்தாழ 15 நிமிடம் போதும், ஆனால் மின்தடை வரக்கூடிய மழை நேரத்தில் மின்கலம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: அகற்றுதல்

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டோல்ட் ஆப்ஸ் என்று சென்று, பட்டியலை நிறுவிய திகதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை மேலே தெரியும். 'பூஸ்டர்', 'ஒப்டிமைசர்', 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயர்களில் நீங்கள் அறிந்து நிறுவாதவற்றை நீக்குங்கள். மடிக்கணினியுடன் வந்து காலம் முடிந்த சோதனைப் பதிப்பு வைரஸ் காப்பு இருந்தால் அதையும் நீக்குங்கள். அது புதிய வைரஸ்களின் அடையாளங்களைப் பெறாமலே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

திரையின் வலது மூலையில் "5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று அடிக்கடி எட்டிப்பார்ப்பது பல வேளைகளில் மென்பொருளே அல்ல. ஏதோவொரு தளத்தில் 'அலவ்' என்பதை அழுத்தியதால் உலாவி வழியாக வரும் அறிவிப்பு அது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்களை நீக்கினால் வைரஸ்களும் சேர்ந்து மறைந்துவிடும்.

நான்காம் படி: துப்புரவு

இதற்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை என்பது என் முடிவு. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்ற இடத்தில் நீக்கத்தக்கவை அளவோடு பட்டியலிடப்படும். அதில் டவுன்லோட்ஸ் என்ற கட்டத்தை மட்டும் குறிக்காமல் விடுங்கள். பிள்ளைகளின் கடந்தகால வினாத்தாள்கள் முழுவதும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கும். ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்கும் மென்பொருள்களின் பயன்பாட்டைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அங்கே கிடக்கும் பழைய வரிகளால் கணினி உணரத்தக்க அளவு மெதுவாவதில்லை, ஆனால் தவறான ஒரு வரியை நீக்கினால் விண்டோஸ் எழும்பாமலே போகலாம். இடம் கிடைப்பது வேறு, வேகம் கிடைப்பது வேறு. ஹார்ட் டிஸ்க்கை, சுழலும் தட்டுகள் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியாக மாற்றுவது தருகிற வேகத்தை எந்தத் துப்புரவு மென்பொருளும் தராது.

ஐந்தாம் படி: அப்படியும் வேறொன்று வேண்டுமென்றால்

டிஃபென்டரே வீட்டுக்குப் போதும் என்று நினைப்பவன் நான். பிள்ளைகளின் பயன்பாட்டை மேற்பார்வை செய்யவோ பல கருவிகளை ஒரே கணக்கில் காக்கவோ விரும்புபவர்கள் கட்டண மென்பொருளை நாடுவதில் தவறில்லை. அப்போது விளம்பரத்தை விட்டுவிட்டுச் சுயாதீன ஆய்வுகூடங்களின் முடிவுகளைப் பாருங்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் ஏவி-கம்பரேட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் சோதனை முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, கணினியின் வேகத்தின் மீதான பாதிப்பு, பயன்பாட்டு வசதி ஆகிய மூன்றுக்கும் ஆறாறு புள்ளிகள் வழங்குகிறது. நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி என்றால் வேகத்தின் மீதான பாதிப்புக்குக் கிடைத்த புள்ளியை முதலில் பாருங்கள்.

அடுத்து, அந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று கேளுங்கள். இலவச வைரஸ் காப்பால் பெயர்பெற்ற அவாஸ்ட், பயனர்களின் இணைய உலாவல் விபரங்களைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷொட் மூலம் விற்றதற்காக, 2024இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கு 1.65 கோடி டொலர் செலுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள், இல்லாத கோளாறுகளைக் காட்டி மக்களைப் பயமுறுத்திப் பணம் பெற்றதான குற்றச்சாட்டில் 2.6 கோடி டொலர் செலுத்தின. மாமி பார்த்த சிவப்புத் திரை இந்த வகைதான். நல்ல பெயரும் எல்லா நாளும் காப்பாற்றாது: 2017இல் மிகப் பரவலாகப் பயன்பட்ட சீகிளீனர் துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் ஊடுருவிகள் தீய நிரலைச் சேர்த்துவிட, அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்துடனேயே, ஏறத்தாழ ஒரு மாதம் வழங்கப்பட்டது. தேவையற்ற மென்பொருள் ஒவ்வொன்றும் இன்னொரு வாசல் என்பதால்தான் நான் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன்.

எப்போதும் கண்காணித்துக்கொண்டிருக்கும் வைரஸ் காப்பு ஒரு கணினிக்கு ஒன்றே இருக்கட்டும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று சந்தேகித்து கணினியை முடக்கும். கூப்பிடும்போது மட்டும் வந்து தேடிவிட்டுப் போகும் இரண்டாவது கருவியாக மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பையோ அதன் ஆட்வ்கிளீனரையோ வைத்துக்கொள்ளலாம். பணம் கட்டுபவர்கள் இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே பாருங்கள். முதல் ஆண்டின் கழிவு விலை அதில் இராது.

ஆறாம் படி: தரவிறக்குதல்

தேடல் முடிவில் முதலாவதாக வருவது பெரும்பாலும் விளம்பரம். தயாரித்த நிறுவனத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து அங்கிருந்தே எடுங்கள். இறக்கிய கோப்பின் மீது வலது சொடுக்கி, புரொப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பல நிறுவனங்களின் தீர்ப்பை ஒரே தடவையில் பெறலாம். ஆனால் அங்கே ஏற்றுவது பலருடன் பகிரப்படும் என்பதால் வங்கிப் பத்திரம், அடையாள அட்டை போன்றவற்றை ஏற்றக்கூடாது. நிறுவும்போது 'கஸ்டம்' வழியைத் தெரிவுசெய்து, கூடவே வரும் உலாவி, கருவிப்பட்டை ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: பென்ட்ரைவ்

கொமினிகேசனில் அச்செடுக்கக் கொடுத்து வாங்கிய பென்ட்ரைவ், வீட்டுக்கு வைரஸ் வரும் பழைய பாதை. உள்ளே கோப்புறைகளுக்குப் பதிலாக, மூலையில் சிறு அம்புக்குறி உள்ள குறுக்குவழிகள் மட்டும் தெரிந்தால் எதையும் இரட்டைச் சொடுக்கு செய்யாதீர்கள். அந்தச் சொடுக்குதான் வைரஸை இயக்கும். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் பென்ட்ரைவின் மீது வலது சொடுக்கி டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பின்னர் வியூ பட்டியலில் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற குறியைச் சற்று நேரம் எடுத்து, ஆவணங்களை மட்டும் கணினிக்குக் கொப்பி செய்துவிட்டு, பென்ட்ரைவை ஃபோர்மட் செய்யுங்கள். எடுத்த குறியை மறக்காமல் மீண்டும் போடுங்கள். கடைக்குக் கொண்டுபோக பழைய, சிறிய பென்ட்ரைவ் ஒன்றைத் தனியாக வைத்திருப்பது என் வழக்கம்.

கடைசியாக ஒரு சோதனை

எல்லாம் செய்தபின் காப்பு உண்மையில் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு உதவும். இது 68 எழுத்துகள் மட்டும் கொண்ட, தீங்கற்ற கோப்பு; எல்லா வைரஸ் காப்புகளும் வைரஸ் போலவே நடத்த வேண்டும் என்ற உடன்பாட்டில் உருவாக்கப்பட்டது. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதைத் தரவிறக்க முயலுங்கள். கோப்பு வந்த வேகத்திலேயே காணாமற்போய், கீழே டிஃபென்டரின் அறிவிப்பு எழும்ப வேண்டும். மாமியின் மகள் இதை மூன்று தடவை செய்து பார்த்தாள். கோப்பு எந்த எதிர்ப்புமின்றி உங்கள் கோப்புறையில் அமர்ந்திருந்தால், இரண்டாம் படிக்குத் திரும்பி ரியல் டைம் புரொடெக்‌ஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.