நாலு பேர், ஒரே கூடு: விண்வெளி வாழ்க்கை ஒத்திகையில் சறுக்கும் இடங்கள்

கலாம் பிறந்த கரை என்பதால் ராமநாதபுரம் மாவட்டத்தில் ராக்கெட் பேச்சு புதிதல்ல. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கான நான்கு வீரர்களின் பெயர்கள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. அவர்களில் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன், ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கித் திரும்பினார். அதன்பிறகு மாணவர்கள் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது: அங்கே எப்படிப் போவது என்பதைவிட, போன இடத்தில் எப்படி இருப்பது?

இதை மண்ணிலேயே சோதித்துப் பார்க்கலாம். இஸ்ரோ 2024 நவம்பரில் லடாக்கின் லே பகுதியில் ஒத்திகைக் குடில் அமைத்தது. ஒரு கல்லூரிக் கூடத்திலோ ஊர்ப் புயல் காப்பகத்திலோ அதன் சிறு வடிவத்தை நடத்த முடியும். நாலு பேர், பத்து நாள், வெளியாரோடு நேருக்கு நேர் பேச்சில்லை. செலவு பெரிதல்ல. ஆனால் ஒத்திகை கெடுவது பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களின் மனவலிமை போதாமல் அல்ல. வெளியே இருந்து திட்டம் போட்டவர்களின் கணக்கு பிசகித்தான்.

ஆள் எடுப்பது

மதிப்பெண் பட்டியலின் முதல் நாலு பேரை உள்ளே அனுப்புவது முதல் தவறு. தங்கு கடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, ஆள் சேர்க்கும் படகு டிரைவருக்கு இது தெரியும்: வலை இழுக்கப் பலம் வேண்டும்தான், ஆனால் வாய்த்துடுக்கான ஒருவன் இருந்தால் மூன்றாம் நாளே படகு நாறிவிடும். தேர்வுக்கு முன் பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து சமைக்க, பாத்திரம் கழுவ, ஏதாவது சலிப்பான வேலை செய்ய விடுங்கள். உதாரணமாக, சிக்கல் விழுந்த பழைய வலையைப் பிரிப்பது. யார் முணுமுணுக்காமல் அடுத்தவன் பங்கையும் எடுக்கிறார், யார் கேலி எல்லை தாண்டுகிறது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

மூன்று கூட்டாளிகளோடு ஒரு புதியவர் என்ற சேர்க்கை வேண்டவே வேண்டாம். மூவருக்குள் ஓடும் ஜாடைப் பேச்சு நாலாவது ஆளைத் தனிமைப்படுத்தும். அதில் கெட்ட எண்ணம்கூட இருக்கத் தேவையில்லை. இரண்டுக்கு இரண்டு என்றால் தாங்கும்.

நேரத்தை முழுக்க நிரப்புவது

எல்லாரும் செய்யும் தவறு இதுதான். பத்து நாள் கிடைத்திருக்கிறதே என்று காலை ஆறு முதல் இரவு பத்து வரை கட்டம் கட்டமாக வேலை எழுதிக் கொடுப்பார்கள்.

இதற்கு அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன ஸ்கைலாப் 4 பயணத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 1973 நவம்பரில் கிளம்பிய ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் மூவருக்கும் அதுதான் முதல் விண்பயணம். முந்தைய குழு பல வாரம் பழகிய பின் எட்டிய வேகத்தைத் தரையில் இருந்தவர்கள் இவர்களிடம் முதல் வாரத்திலேயே எதிர்பார்த்தார்கள். ஒரு கருவியை எடுத்து வைக்கும் நேரம், எங்கே வைத்தோம் என்று தேடும் நேரம் எதுவும் கணக்கில் இல்லை. ஒரு வேலை தாமதமானால் அடுத்தது அவசரமாகும். அவசரத்தில் பிழை வரும். பிழையைத் திருத்த ஓய்வு நேரம் போகும். டிசம்பர் 30 அன்று இரு தரப்பும் வானொலியில் மனம்விட்டுப் பேசின. அன்றாடச் சில்லறை வேலைகள் அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டு, முடிந்தபோது செய்து கொள்ளும் தனிப் பட்டியலாயின. சாப்பாட்டு நேரமும் இரவு நேரமும் அவர்களுக்கே விடப்பட்டன. அதன்பின் வேலை குறையவில்லை, கூடியது. 84 நாள் முடித்து இறங்கினார்கள். இதைச் சிலர் இன்றும் விண்வெளிக் கலகம் என்று எழுதுகிறார்கள். கலகம் எதுவும் நடக்கவில்லை.

ஆகவே முதல் மூன்று நாளுக்குப் பாதி வேலை மட்டும் கொடுங்கள். எந்த வேலைக்கும் வெளியே அளந்த நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு எழுதுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றும் வேண்டாம். நாலு பேரும் ஒருவேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் கட்டாயமாக்குங்கள். விண்வெளி நிலையத்தில் உறவைக் கட்டிக்காப்பதே இந்தச் சேர்ந்துண்ணல்தான். (கருவாடு கொண்டு போகலாமா என்பதை முதல் நாளே வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவது நல்லது. மூடிய கூடத்தில் அந்த மணம் மறுநாளும் இருக்கும்.)

மறைப்பது

அதே ஸ்கைலாப் குழுவில் போக் முதல் நாள் வாந்தி எடுத்தார். தரைக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூவரும் பேசிக்கொண்டது கலத்தின் ஒலிப்பதிவில் பதிந்து தரைக்குப் போயிற்று, கண்டிப்பும் வந்தது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் தன் பெயர் கெடும் என்ற பயம் எந்தக் குழுவிலும் இருக்கும். பன்னாட்டு நிலையத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனநல நிபுணரோடு தனிப் பேச்சு உண்டு. அது மற்றவர் காதுக்குப் போகாது. பத்து நாள் ஒத்திகைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ஆளுக்குக் கால்மணி நேரம் போதும். கேட்பவர் மதிப்பெண் போடும் ஆசிரியராக இருக்கக் கூடாது.

காரணம் சொல்லாமலே எவரும் எப்போதும் வெளியேறலாம் என்பதை எழுதி ஒட்டுங்கள். கதவைப் பூட்டவே கூடாது. தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு காகித முத்திரை போதும். தீ பிடித்தால் சாவி தேட நேரமிருக்காது.

வெளிச்சம், வெக்கை, தண்ணீர்

நிலையம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் 16 சூரிய உதயம். உடம்புக்கு எது காலை என்று தெரியாது. எட்டரை மணி நேரம் தூங்க ஒதுக்கினாலும் வீரர்கள் சராசரியாக ஆறு மணி நேரம்தான் தூங்குகிறார்கள். மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேர் 520 நாள் அடைந்திருந்த மார்ஸ்-500 ஒத்திகையில், நாள் ஆக ஆக ஆட்களின் நடமாட்டம் குறைந்தது. ஒருவருடைய தூக்க நேரம் மற்றவர்களோடு ஒட்டாமல் விலகிப் போயிற்று. எல்லாரும் தூங்கும்போது ஒருவர் விழித்திருந்தால் சண்டைக்கு வேறு காரணம் வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. காலையில் வெள்ளை விளக்கு முழுக்க, சாயங்காலம் ஏழுக்கு மேல் மஞ்சள் விளக்கு மட்டும். எழும் நேரம் நாலு பேருக்கும் ஒன்றே. தினம் ஒருமணி நேர உடற்பயிற்சி. நிலையத்தில் இதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் போகிறது.

நம் கரைக்கே உரிய தவறு, சன்னலை அடைத்துவிட்டு சித்திரையில் நடத்துவது. வெக்கையில் எரிச்சல் வரும். அதைத் தனிமையின் விளைவு என்று குறித்து வைப்பீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் காப்பகத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதை தெரிந்த ஊர் இது. அந்த மாதங்களில் அந்தக் கட்டடம் மக்களுக்குத் தேவைப்படலாம். தை, மாசிதான் சரியான காலம். அப்போதும் காற்று வெளியேற்றும் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

விண்வெளி மாதிரி இருக்கட்டும் என்று குடிநீரைக் குறைப்பது ஆபத்து. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர், நாலு பேருக்குப் பத்து நாளுக்கு 200 லிட்டர். கட்டுப்பாடு வேண்டுமானால் குளியலில் வையுங்கள்: தலைக்கு ஒரு குடம்.

கரையின் மேல் திரும்பும் கோபம்

ஐந்தாறு நாளில் உள்ளே இருப்பவர்கள் வெளிக்குழுவைத் திட்டத் தொடங்குவார்கள். தங்களுக்குள் காட்ட முடியாத எரிச்சலைத் தரைமேல் இறக்குவது ரஷ்யாவின் மீர் நிலையத்திலும் பன்னாட்டு நிலையத்திலும் ஆய்வாளர்கள் கண்டதுதான். வெளிக்குழு அதற்குச் சூடாகப் பதில் தருவதே தவறு. முன்பு இப்படி உள்ளே இருந்து பார்த்த ஒருவர் மட்டும் அவர்களோடு பேச வேண்டும். நாசாவிலும் வீரர்களோடு பேசும் பொறுப்பு நெடுங்காலம் இன்னொரு விண்வெளி வீரரிடமே இருந்தது.

செவ்வாய்க் கோளுக்கு ஒரு சொல் போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஒத்திகையிலும் அதுபோலப் பத்து நிமிடத் தாமதம் வைத்தால், ‘சரியா?’ என்று கேட்டுப் பதில் வாங்க இருபது நிமிடம். அரட்டை போலச் செய்தி அனுப்பினால் எது எதற்குப் பதில் என்று குழம்பிவிடும். ஒவ்வொரு செய்திக்கும் எண் இடுங்கள். ஒரு செய்தியில் ஒரு விஷயம். ‘இது நடந்தால் இப்படி, இல்லையென்றால் அப்படி’ என்று இரண்டு வழியையும் ஒரேயடியாக எழுதுங்கள்.

வீட்டுச் செய்தி

கீழக்கரையில் சபுராளி (பிழைக்க வெளிநாடு போனவர்) வீடுகளில் பழகிய விஷயம்: துபாயில் இருப்பவரிடம் துக்கச் செய்தியை இப்போது சொல்வதா, வேலை முடிந்தபின்பா? 2007 டிசம்பரில் அமெரிக்க வீரர் டேனியல் டானி பன்னாட்டு நிலையத்தில் இருந்தபோது அவர் தாயார் விபத்தில் இறந்தார். அவருக்கு அங்கேயே சொல்லப்பட்டது. வீட்டார் முடிவெடுக்கட்டும் என்று விடாதீர்கள். உள்ளே போகுமுன் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்தச் செய்தி உடனே வேண்டும், யார் வாயால் வேண்டும்.

திரும்பும் தேதி

சுவரில் நாட்காட்டி மாட்டி நாளை அடிப்பது பிடிமானம் போலத் தெரியும். தேதி தள்ளினால் அதுவே முறிக்கும். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூனில் எட்டு நாளுக்குப் போய் 286 நாள் தங்கினார்கள். ஆறு மாதத்துக்குப் போன ஃபிராங்க் ரூபியோ, ஊர்தியில் குளிர்விப்பான் கசிந்ததால் 371 நாள் இருந்தார். ஒத்திகையில் பத்து நாள் என்று உறுதி சொல்லாமல், ‘எட்டிலிருந்து பன்னிரண்டு நாள், எப்போது முடியும் என்பதை நாங்கள் சொல்வோம்’ என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். சொல்லாமல் நீட்டிப்பது சோதனை ஆகாது, ஏமாற்று.

வெளியே வந்ததும் மாலை, மேடை, பேட்டி வேண்டாம். முதல் நாள் வீடு, தூக்கம். மறுநாள் ஒவ்வொருவரும் தனியே எழுதட்டும். சேர்ந்து பேசுவது அதற்கடுத்த நாள். முதலில் சேர்த்து உட்கார வைத்தால், நன்றாகப் பேசத் தெரிந்தவரின் கதையே நாலு பேரின் கதையாகிவிடும்.